அப்பா பார்க்காத கிளைமாக்ஸ்

எங்கள் அப்பா தன் ஆயுளில் பார்த்த படங்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. ஆனால் திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த படம் எது என்று கேட்டால், ஒன்றே ஒன்றைத்தான் காட்ட முடியும். அதுவும் ஒரு கார்ட்டூன் படம்.

"கார்ட்டூன்னு சொல்லாதடா, அனிமேஷன்னு சொல்லு" என்று அக்கா திருத்துவாள். எதுவானால் என்ன, வரைந்த ஆமை வரைந்த கடலில் நீந்துகிற படம். அப்பா கடைசி வரை பார்த்தது, இந்த வருடம் வந்த அதன் இரண்டாம் பாகத்தை. அதைப் பற்றி அப்பா சொன்ன அபிப்பிராயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த அபிப்பிராயத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது.

அப்பா குடிநீர் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். பெரிய பெரிய மோட்டார்கள் ஓயாமல் ஓடும் கூடம் அது. தரை அதிரும், ஜன்னல் கண்ணாடி அதிரும், மேஜை மேல் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அங்கேயே காலத்தை ஓட்டியதில் அப்பாவுக்கு ரகசியம் பேசுவது என்பதே வராமல் போய்விட்டது. தியேட்டர் இருட்டில் என் காதருகே குனிந்து, "இவன்தான் வில்லன், பார்த்துக்கிட்டே இரு" என்று அவர் கிசுகிசுத்தால் முன் வரிசையில் நாலு தலைகள் திரும்பும். எனக்கு மானம் போகும். அப்பாவோ, எல்லோரும் தன்னை ஆமோதிப்பதாக நினைத்துத் திருப்தியோடு சாய்ந்துகொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகும் படம் பார்ப்பது நிற்கவில்லை. இப்போது விமர்சனங்கள் குடும்பக் குழுவில் குரல் செய்தியாக வருகின்றன. அவருக்கு நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் கிடையாது. முழங்கால்தான் அளவுகோல். "முட்டி வலி தெரியவே இல்ல" என்றால் படம் பிரமாதம். "நடுவுல ஒரு தடவை வலிச்சுது" என்றால் பார்க்கலாம் ரகம். "உட்கார்ந்ததுலேருந்தே வலி" என்றால் அந்தத் தயாரிப்பாளர் பாவம். தொலைக்காட்சியில் படம் பார்ப்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. "பெட்டிக்குள்ள பார்க்கிறது படமா? அது போட்டோ" என்பார்.

இவ்வளவு வெறியுள்ள மனிதர் இத்தனை வருடங்களாக எந்தப் படத்திலும் முடிவைப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் ஒரு சைக்கிள்.

அம்மா தவறிப்போனபோது அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். பள்ளிக்கூடம், பம்ப் ஹவுஸ், சமையல், துணி என்று ஏதாவது ஒன்று எங்களை இழுத்துக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தாங்காது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். அம்மா இருந்தால் அந்த நேரத்தில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடாதது அவ்வளவு பெரிதாகக் கேட்கும். அப்படி ஒரு ஞாயிறு, அப்பா சட்டென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க, படத்துக்குப் போலாம்" என்றார். என்ன படம் என்று அவருக்கே தெரியாது. அன்றிலிருந்து ஞாயிறு என்றால் மதியக் காட்சி என்று ஆகிவிட்டது.

என் தலையைச் சீவிவிடுவது அக்காவின் வேலை. கன்னம் இரண்டையும் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, வாய் மீன் வாய் மாதிரி குவிந்திருக்க, நேர்வகிடு எடுப்பாள். பிறகு பின்கதவு தாழ்ப்பாள், அடுப்பு, ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ம், போலாம்" என்பாள். அவள் சொல்லாமல் அப்பாகூட வாசலைத் தாண்ட மாட்டார்.

சைக்கிளின் முன்கம்பியில் நான், பின்னால் கேரியரில் அக்கா, நடுவில் அப்பா. போகும்போது எந்தத் தொல்லையும் இல்லை. படம் விட்டதும்தான் போர்க்களம். தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்றின் ஹாண்டில்பார் இன்னொன்றின் சக்கரத்துக்குள் நுழைந்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வண்டியைப் பிடுங்குவார்கள். முதல் தடவை அந்தக் கூட்டத்தில் அப்பா இரண்டு கையாலும் சைக்கிளைத் தூக்க வேண்டியிருந்தது. கையை விட்டதும் நான் காணாமல் போய்விட்டேன். ஒரு சுவரொட்டியின் கீழே நின்று அழுதுகொண்டிருந்த என்னை அக்காதான் கண்டுபிடித்தாள். அப்பாவின் முகம் அன்று வெளுத்துப்போயிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் எழுந்துவிடுவார். "நான் போய் வண்டியை எடுக்கிறேன். கூட்டமெல்லாம் போன பிறகு நீங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்து கேட்டுக்கு வாங்க" என்பார். கதாநாயகி விஷத்தைக் குடிக்கப் போனாலும் சரி, வில்லன் மலை உச்சியில் தொங்கினாலும் சரி, அப்பாவின் முதுகு இருட்டில் குனிந்தபடி வெளியேறிவிடும். கூட்டமெல்லாம் வடிந்த பிறகு நாங்கள் வெளியே வந்தால், பக்கத்து கேட்டில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். ஏறி உட்கார்ந்து முதல் மிதி மிதித்ததும் கேட்பார்: "கடைசில என்னம்மா ஆச்சு?"

அக்கா சொல்லுவாள். கேரியரில் உட்கார்ந்து, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சண்டையென்றால் சண்டைச் சத்தத்தோடு, அழுகையென்றால் அழுகையோடு சொல்லுவாள். மேட்டில் ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் "அப்புறம்?" என்பதை விடமாட்டார். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பேச இடமே கிடையாது. கம்பியில் உட்கார்ந்து மணி அடிப்பது மட்டும் என் இலாகா.

அந்த வருடம்தான் ஆமைப் படம் வந்தது. ஒரு பிரம்மாண்டமான கிழட்டுப் பெண் ஆமை. அதன் முதுகில் ஒரு முழு ஊர். வீடுகள், படிக்கட்டுகள், கொடியில் காயும் துணிகள் எல்லாம் ஓட்டின் மேலேயே. அந்த ஊரில் விளக்கு ஏற்றும் ஒரு சிறுமிக்கு மட்டும் ஆமை பேசுவது கேட்கும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். அப்பா எங்களுக்கு மேல். "அந்தத் துணி காத்துல ஆடுது பாரு, வரைஞ்சதுடா அது, வரைஞ்சது" என்று மூன்று வரிசைக்குக் கேட்கக் கிசுகிசுத்தார். ஊர் கரையை நெருங்கும் கட்டத்தில் வழக்கம்போல எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆமை செத்துப்போனது. ஊர் மக்களைக் கரையில் இறக்கிவிட்டு, அந்தச் சிறுமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லக் கண்ணை மூடிக்கொண்டது. அப்படியே கல்லாகிவிட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா அழவில்லை. என் மூக்கைத் துடைத்துவிட்டு, கூட்டம் போகும் வரை வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் கிளம்பியது. "கடைசில என்னம்மா ஆச்சு?"

அக்கா அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஆமை தண்ணிக்குள்ள போய்த் தூங்கிடுச்சுப்பா" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பொண்ணு கரையில விளக்கு ஏத்தி வெச்சா. ஆமை முழிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் இடுப்பைச் சுற்றி ஒரு கை வந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது. நான் மணியை அடித்தேன்.

"நல்ல வேளை. நான் பயந்துட்டேன்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வீடு வரை ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே மிதித்தார். அம்மா போன பிறகு அவர் முனகி நான் கேட்டது அன்றுதான்.

அந்தப் பொய் இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. திங்கட்கிழமை பம்ப் ஹவுஸில் அப்பா படம் காட்டுவது வழக்கம். மோட்டார் இரைச்சலில் சொல்வது கேட்காது என்பதால் பாதிக் கதையை நடித்தே காட்டுவார். ஆமைக் கதையையும் காட்டினார். அவர் நடித்த நடிப்பில் மயங்கி, கூட வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் குடும்பத்தோடு போய்ப் படத்தைப் பார்த்தார். நாள் முழுக்க வால்வைத் திருகிக்கொண்டே இருப்பார் என்பதால் எங்களுக்கு அவர் வால்வு மாமா. படம் பார்த்துவிட்டு வந்து, "ஏன்டா, ஆமை செத்துப்போச்சேடா" என்றிருக்கிறார். "நீ தூங்கியிருப்ப" என்று அப்பா சொல்ல, "நீ பாதியிலயே எழுந்து போற ஆளு, என்னைச் சொல்றியா" என்று அவர் சொல்ல, பேச்சு முற்றி இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை என்றாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் வால்வு மாமா நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாப்பா, நீயே சொல்லு. உங்கப்பன் என்னைப் பொய்யன்ங்கிறான். ஆமை செத்துச்சா, இல்லையா?"

அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சாகல மாமா" என்றாள்.

வால்வு மாமா துணிக்குவியலையும் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். "சரி, எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். பிறகு அவரே வந்து பேசினார். ஆனால் விவகாரம் உயிரோடுதான் இருந்தது. இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகும், எங்கே பார்த்தாலும் "என்னடா, ஆமை எப்படி இருக்கு?" என்பார் அவர். "நல்லா இருக்கு, உன்னைக் கேட்டுச்சு" என்பார் அப்பா.

அக்கா அன்றிலிருந்து எந்தப் படத்திலும் யாரையும் சாக விட்டதில்லை. எத்தனை கதாநாயகிகளை அவள் கேரியரில் உட்கார்ந்தே காப்பாற்றியிருக்கிறாள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பாக வரும். ஆமைப் படம் எப்போதாவது தொலைக்காட்சியில் வந்தால், அப்பா எட்டிப் பார்ப்பதற்குள் ரிமோட்டை எடுத்து அதன் மேல் உட்கார்ந்துவிடுவாள். வளர்ந்து, படித்து, ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராகி, சொந்தக் காசில் கார் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்பாவும் மாறவில்லை. சைக்கிள் துருப்பிடித்துப் போய்க் காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் படம் முடியும் நேரம் வந்தால் கால் தானாக எழுந்துகொள்ளும். வாசலில் போய் நின்றுவிடுவார்.

இரண்டாம் பாகம் வருகிறது என்ற செய்தி வந்ததும் அப்பா முதல் வேலையாக வால்வு மாமாவுக்குப் போன் போட்டார். அவர் இப்போது வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

"டேய், ரெண்டாம் பாகம் எடுத்திருக்கான்டா. ஆமை செத்திருந்தா எப்படிடா ரெண்டாம் பாகம் எடுப்பான்? இப்ப என்ன சொல்ற?" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு எங்களிடம், "வாயடைச்சுப் போயிட்டான்" என்றார். அவ்வளவு சந்தோஷம்.

அக்கா பயந்துபோனாள். படம் வெளியான வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் படத்தைப் பார்த்தாள். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

"ஆரம்பத்துலயே போன பாகத்தோட முடிவைக் காட்டுறான்டா. கண்ணை மூடுறது, கல்லாகிறது, எல்லாத்தையும். அந்த ஆமை திரும்ப வரவே இல்ல. இது வேற ஆமை, குட்டி ஆமை. கடைசில அதையும் அந்தப் பொண்ணு கடல்ல விட்டுட்டுத் தனியா உட்கார்ந்திருக்கா."

"அப்பாகிட்ட சொல்லிடுக்கா. சின்ன வயசுல சொன்னதுதானே."

"என்னன்னு சொல்ல? நான் சொன்னதை நம்பி மாமாகூடச் சண்டை போட்டாரு. இத்தனை வருஷமா என் பேச்சைத்தான்டா நம்பிக்கிட்டிருக்காரு. இந்த வயசுல, எல்லார் நடுவுலயும் உட்கார்ந்து, என் பொண்ணு என்னை ஏமாத்திட்டான்னு அவர் தெரிஞ்சுக்கணுமா?" அவள் குரல் உடைந்தது. அக்கா அழுது நான் அதிகம் கேட்டதில்லை.

தடுக்கவும் பார்த்தாள். "படம் நல்லாவே இல்லையாம்பா" என்றாள். "அடுத்தவன் சொல்லி நான் எந்தப் படத்தைம்மா விட்டிருக்கேன்?" என்று அப்பா சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு மதியக் காட்சி. அப்பா நடுவில், நாங்கள் இரு பக்கமும். விளக்கு அணைந்தது. அக்கா சொன்னது போலவே முதல் காட்சியில் ஆமை கரையில் கிடந்தது. சிறுமியைப் பார்த்தது. கண்ணை மூடியது. ஓடு மெல்லச் சாம்பல் நிறமாகி, கல்லாகி, அதன் மேல் புல் முளைத்தது.

நான் அப்பாவின் கிசுகிசுப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இருட்டில் அவருடைய இரண்டு கைகளும் முழங்கால் மேல் இருந்தன. அந்தப் படம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சத்தம் போட்டால் மானம் போகிறதே என்று தவித்த நான், ஏதாவது பேசித் தொலைக்க மாட்டாரா என்று ஏங்கினேன்.

இடைவேளையில் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "முட்டி வலிக்குதாப்பா?"

"தெரியலம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

படம் முடியும் கட்டம் வந்தது. வழக்கம்போல அப்பாவின் உடம்பு இருக்கையில் முன்னால் நகர்ந்தது. அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "நீங்க உட்காருங்கப்பா. பார்க்கிங்ல கூட்டமாயிடும். நான் போய் வண்டியை எடுக்கிறேன்" என்று சொல்லி, குனிந்துகொண்டு வெளியேறினாள். விளக்கு எரியும்போது அவர் பக்கத்தில் இருக்க அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அப்பா அவள் போன கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா சொன்னதுதான் நடந்தது. வளர்ந்து பெரியவளான அந்தப் பெண், ஊர் எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல் குட்டி ஆமையைக் கடலில் விட்டாள். அது தூரத்தில் ஒரு புள்ளியாகும் வரை பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பழைய கல்லின் மேல் தனியாக உட்கார்ந்தாள். படம் முடிந்தது. ஜனங்கள் எழுந்து போனார்கள். அப்பா எழவில்லை. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. முடிவையே பார்க்காதவர் இதை எங்கே பார்த்திருக்கப் போகிறார்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பெயர் வரை பார்த்தார்.

"இத்தனை பேரா வேலை செஞ்சிருக்காங்க?" என்றார். துடைப்பத்தோடு வந்த பெண் எங்களைப் பார்த்து நின்றபோதுதான் எழுந்தார்.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் என் தோளைப் பிடித்தார். "உங்க அக்கா கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காத" என்றார். அவருக்கு அது ரகசியம். டிக்கெட் கிழிப்பவர் வரை திரும்பிப் பார்த்தார்.

கார் வாசலில் நின்றது. அப்பா முன்னால் ஏறினார், நான் பின்னால். அக்கா இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில என்னப்பா ஆச்சு?"

"படம் பரவாயில்லம்மா. முதல் பாகம் அளவுக்கு வராது" என்று அப்பா பெல்ட்டை இழுத்து மாட்டினார். "ஆரம்பத்துல ஆமை செத்துப்போற மாதிரி காட்டினான் பாரு, அது நடந்ததே இல்லையாம். அந்தப் பொண்ணு கண்ட கனவாம். அதைக் கடைசில கொண்டுபோய்ச் சொல்றான். நானே ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன். ஆமை தண்ணிக்கடியில தூங்கிட்டுத்தான் இருந்திருக்கு. நீ அன்னிக்குச் சொன்னியே, அதேதான். வால்வுக்குப் போன் போட்டுச் சொல்லணும்."

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையே முழுப் படத்தையும் பார்த்தவள் அவள். அது அப்பாவுக்குத் தெரியாது.

"அப்படியாடா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆமை வந்ததும் அந்தப் பொண்ணு என்னப்பா சொன்னா?"

இதை அப்பா எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தார். பேசியபோது, வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் குரல் பின்சீட்டுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"'நீ இல்லாதப்போ வீட்டை நான்தான் பார்த்துக்கிட்டேன்'னு சொன்னாம்மா."

"ஆமை என்ன சொல்லுச்சு?"

"'தெரியும் கண்ணு. சின்னப் பொண்ணு நீ. அவங்க ரெண்டு பேரையும் நல்லா பார்த்துக்கிட்ட'ன்னு சொல்லுச்சு."

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார். அக்கா வண்டியை எடுக்கவில்லை.